ஞானசௌந்தரி சிரித்த சிரிப்பு

திரேஸ்புரத்துக்குள் இறங்குகிற சாலையில் ஞானசௌந்தரி மருந்துக்கடை போட்டு இருபத்து மூன்று வருஷமாகிறது. கடைக்கு அவள் அப்பாவின் பெயர், வளன் மெடிக்கல்ஸ். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. 'ஞானம் அக்கா கடை' என்றால்தான் தெரியும். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை அவளிடம் நீட்டி, "இத சாப்பிடலாமாக்கா?" என்று கேட்பார்கள். அவள் தலையை ஆட்டினால் வாங்குவார்கள். உதட்டைப் பிதுக்கினால் சீட்டு மடிந்து இடுப்புக்குள் போய்விடும். அந்தச் சின்ன அதிகாரம் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதே வெகுகாலம் அவளுக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தவசுக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிலுவைப்பாதை முடிந்து பெண்கள் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். கடை முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒருத்திக்கு இருமல் மருந்து, ஒருத்திக்குப் பிள்ளைக்குப் போடும் பவுடர், மற்றவர்களுக்குப் பேச்சு. ஞானத்தின் நாத்தனார் ஜெனிட்டாவும் அதில் இருந்தாள்.

பிரகாசி எல்லாருக்கும் பின்னால் வந்து நின்றாள். கருவாட்டு வியாபாரம் பண்ணுகிறவள். ஏலத்தில் நின்றால் பத்து ஆம்பிளை குரலையும் அமுக்கிப்போடும் குரல். ஞானமும் அவளும் ஒரே பெஞ்சில் இருந்து பத்தாவது வரை படித்தவர்கள். அன்றைக்கு அவள் குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"ஏளா, இது இருக்கா பாரு."

ஞானம் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு எழுதுகிற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, கூடவே புரொஜெஸ்டிரோன்.

"என்னளா இது, ஹார்மோன் மாத்திரைலா எழுதியிருக்கு."

"பைய பேசுளா," என்றாள் பிரகாசி. "முடியல. ஏலத்துல நிக்கும்போது நெஞ்சிலிருந்து குபுகுபுன்னு சூடு ஏறி, தலையில தண்ணிய ஊத்தின மாதிரி வேர்க்கு. கண்ண மூடினா தூக்கம் இல்ல. பிள்ளையள எதுக்கு ஏசுதேன்னே தெரியாம ஏசுதேன். அப்புறம், இன்னொண்ணும் இருக்கு." சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். அந்த இன்னொன்றைச் சொல்லவில்லை.

அதற்குள் எல்லாருடைய காதும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஞானத்துக்கு அந்தக் காதுகள் தெரிந்தன. கூட்டம் தன் வாயைப் பார்க்கும்போது அவளுக்கு எப்போதும் ஒரு தெம்பு வரும்.

"பேரன் எடுக்கப்போற வயசுல உனக்கு என்னத்துக்குளா இது? திரும்பக் குமரியாகப் போறியா? இல்ல, டிக்சன் கேட்டானா?"

டிக்சன் பிரகாசியின் புருஷன். ஜெனிட்டாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். ஞானமும் சிரித்தாள், தான் சொன்னது தனக்கே ருசிப்பட்டதால் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தாள். பிரகாசியும்தான் சிரித்தாள். வேறு என்ன செய்வாள்.

அப்புறம் ஞானம் முகத்தை மாற்றிக்கொண்டு புத்தி சொன்னாள். "இது கேன்சரக் கூப்பிட்டு நடுவீட்டுல பாய் போட்டு உக்காரவைக்குத மாத்திர. நம்ம அம்மைமாரெல்லாம் இதத் தின்னுட்டா இந்த வயசக் கடந்தாளுவ? மாதாவ நெனச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ."

பிரகாசி சீட்டை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு போனாள். ஒரு பெண்ணைக் கெட்ட மருந்திலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு ஞானம் அன்றைக்குக் கடையைச் சாத்தினாள்.

அந்தச் சிரிப்பு கடையோடு நிற்கவில்லை. ஒரு வாரத்துக்குள் பிரகாசிக்குக் 'குமரி' என்று பெயர் விழுந்தது. அவள் கருவாட்டுக் கூடையோடு தெருவில் இறங்கினால், "குமரி வாரா, வழி விடு" என்பார்கள். படகுத்துறையில் டிக்சனைக் கேலிபண்ணப் பிடித்துக்கொண்டார்கள். அவன் பத்து நாள் பேசாமலிருந்து, பதினோராம் நாள் வீட்டில் வந்து கத்தினானாம். அதற்குப் பிறகு பிரகாசி கோயில் பாட்டுக் குழுவுக்கு வரவில்லை. மாதர் சங்கத்துக்கும் வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் மகள் ஸ்டெபிக்குத் துணை என்று சொல்லி மில்லர்புரத்துக்கு வீடு மாறிப் போனாள். மகள் உண்டாகியிருந்ததால் ஞானத்துக்கு அதில் சந்தேகம் எதுவும் வரவில்லை. அல்லது, சந்தேகப்பட அவளுக்கு விருப்பமில்லை.

போன வருஷம், ஐம்பத்தோராம் வயதில், ஞானத்தின் முறை வந்தது.

முதலில் நெஞ்சு படபடத்தது. துறைமுகத்தில் கப்பலை இழுத்துக் கட்டும் டக் படகில் என்ஜின் வேலை பார்க்கிற அவள் புருஷன் ஹென்றி பயந்துபோய் ஈசிஜி எடுக்கக் கூட்டிக்கொண்டு போனான். இருதயத்தில் ஒன்றுமில்லை. பிறகு சூடு வந்தது. மருந்து அட்டையை எண்ணிக்கொண்டே இருப்பாள், நெஞ்சுக்குழியில் அடுப்புப் பற்றவைத்ததுபோல் ஒரு அனல் கிளம்பிக் கழுத்து வழியாகக் காதுவரை ஏறும். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ராத்திரிகளில் தலையணை நனைந்தது. காலையில் எழுந்தால் உடம்பு உப்பு மூட்டை சுமந்ததுபோல் கனத்தது. கடையில் உதவிக்கு இருக்கும் அனிஷா ஃபேனைத் தன் பக்கம் திருப்பினால்கூட அவளுக்குக் கோபம் வந்தது.

என்னவென்று அவளுக்குத் தெரியும். மருந்துக்குப் படித்தவளுக்குத் தெரியாதா. தெரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் ஏழு மாதம் ஆயிற்று. உளுந்தங்களி கிண்டித் தின்றாள். ஜெபமாலை கூட ஒரு சுற்று சொன்னாள். பிரகாசிக்குச் சொன்ன புத்தியை எல்லாம் தானே செய்து பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்கு மாத்திரை மாறிப்போனது. எழுபது வயது மனிதர், சர்க்கரைக்கு ஒரு மில்லிகிராம் மாத்திரை பல வருஷமாக அவளிடம்தான் வாங்குகிறார். அவள் நாலு மில்லிகிராம் அட்டையை எடுத்துக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் படி இறங்கும்போது அனிஷா, "அக்கா, அண்ணாச்சிக்கு ஒண்ணுலா?" என்றாள். ஞானம் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடிப்போய்க் கவரை வாங்கிக்கொண்டு வந்தாள். அதைத் தின்றிருந்தால் சர்க்கரை இறங்கி மனிதர் விழுந்திருப்பார். இருபத்து மூன்று வருஷத்தில் நடக்காத தப்பு.

அடுத்த வாரமே பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். தூத்துக்குடியில் டாக்டருக்கா பஞ்சம்? எல்லா டாக்டருக்கும் அவளைத் தெரியும், அதுதான் சங்கடம். ஹென்றியிடம் மருந்து ஏஜென்சிக்குப் போவதாகச் சொன்னாள்.

டாக்டர் மாதுரிக்கு நாற்பது வயதிருக்கும். அவசரமில்லாமல் கேட்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றபோது, "கடை வச்சிருக்கேன்" என்றாள் ஞானம்.

"என்ன கடை?"

"பலசரக்கு."

சொன்ன மறுநிமிஷமே அந்தப் பொய்யின் அவசியம் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அதனால் ஒன்று நடந்தது. எதுவும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல் டாக்டர் முதலிலிருந்து சொன்னார். தெரிந்திருக்கவேண்டியவள் உட்கார்ந்து கேட்டாள்.

"உங்க அம்மா, அக்கா தங்கச்சி யாருக்காவது மார்புல புற்று இருந்திருக்கா? உங்களுக்குக் கால்ல, நுரையீரல்ல ரத்தக்கட்டு எப்பவாவது? தீட்டு நின்னதுக்கு அப்புறம் ரத்தம் பட்டுச்சா? மஞ்சக்காமாலை, பிரஷர்?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"உறவு வச்சுக்கும்போது வலி இருக்கா?"

ஐம்பத்தொரு வயதில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. ஞானம் மேஜையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "உள்ளே வறண்டுபோறதால. இந்த வயசுல நிறையப் பேருக்கு வர்றதுதான்" என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் ஞானத்துக்குப் பிரகாசியின் 'இன்னொண்ணு' எது என்று தெரிந்தது. அவள் சொல்ல வாயெடுத்து, சுற்றிலும் பார்த்து, விழுங்கிக்கொண்டது இதைத்தான். அதே இடத்தைப் பார்த்துத்தான் ஞானம் அன்று அடித்திருக்கிறாள். 'டிக்சன் கேட்டானா?' டாக்டரின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அவள் முகம் எரிந்தது. இந்த எரிச்சல் ஹார்மோனால் வந்ததில்லை.

"என்ன பயமா இருக்கா?" என்றார் டாக்டர்.

"கேன்சர் வரும்லா?"

"அது நியாயமான பயம்தான். ரெண்டு ஹார்மோனையும் சேர்த்து நாலஞ்சு வருஷம் எடுத்தா மார்புப் புற்று வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுது. ஆயிரம் பேர்ல விரல் விட்டு எண்ணுற அளவு. இல்லவே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். மாத்திரையா முழுங்கினா ரத்தம் உறையிறதுக்கும் வாய்ப்பு உண்டு. தோல்ல தடவுற ஜெல்லுல அந்தப் பயம் ரொம்பக் குறைவு. இந்தப் பக்கம் பாத்தா, இந்தச் சூட்டுக்கும் வேர்வைக்கும் இதவிட நல்லாக் கேக்குற மருந்து கிடையாது. எலும்பு தேயாம இருக்கவும் உதவும்."

"இருபது வருஷத்துக்கு முந்தி பேப்பர்ல பெருசா வந்துச்சே."

"வந்துச்சு. அந்த ஆராய்ச்சியில இருந்தவங்கள்ல பாதிக்கு மேல அறுபது தாண்டினவங்க. தீட்டு நின்னு பத்து வருஷத்துக்குள்ள, அறுபது வயசுக்கு முன்னால ஆரம்பிக்கிறவங்களுக்குப் பலாபலன் வேற மாதிரி. அதையும் அப்புறம் பிரிச்சுப் பாத்துச் சொல்லிட்டாங்க. ஆனா பயம் பரவின வேகத்துல அது பரவல." டாக்டர் பேனாவை மூடினார். "எல்லாருக்கும் நல்லதுன்னும் சொல்லமாட்டேன், எல்லாருக்கும் கெட்டதுன்னும் சொல்லமாட்டேன். வேண்டாம்னா ஹார்மோன் இல்லாத மாத்திரையும் இருக்கு, அது அந்த அளவுக்குக் கேக்காது. மார்புக்கு ஒரு படம் எடுத்துட்டு வாங்க. யோசிச்சுச் சொல்லுங்க. உங்க உடம்பு, நீங்கதான் சொல்லணும்."

கடை ஆரம்பித்த புதிதில் பேப்பரில் படித்த ஒரே ஒரு செய்தியை வைத்துக்கொண்டு இருபது வருஷம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்குப் பிறகு வந்ததைத் தேடிப் படிக்க அவளுக்குத் தோன்றவில்லை. கேட்பவர்கள் யாரும் மறுத்துப் பேசாதபோது எதற்காகப் படிக்கவேண்டும்.

படம் எடுத்தாள். அதில் ஒன்றுமில்லை. காலையில் தோளில் தடவ ஜெல்லும், கருப்பை இருப்பதால் படுக்கும்போது விழுங்கப் புரொஜெஸ்டிரோனும் எழுதிக்கொடுத்தார். தன் கடைக்கு வரவழைத்தால் அனிஷா பில்லைப் பார்ப்பாள் என்று பாளையங்கோட்டையிலேயே ஒரு மருந்துக்கடையில் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் மூன்று பேர், பின்னால் இரண்டு பேர். சீட்டை எழுத்து உள்பக்கமாக மடித்து நீட்டினாள். கடைக்காரர் நரைத்த மீசைக்காரர். சீட்டைப் படித்தார், உள்ளே போனார், எடுத்து வந்தார். முகத்தில் ஒரு சலனமுமில்லை. பெட்டியைக் காகிதக் கவரில் போட்டுக்கொடுத்து, "தடவிட்டு அது காயிறவரைக்கும் அந்த எடத்துல தண்ணி படாமப் பாத்துக்கங்கம்மா" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் சீட்டை வாங்கினார்.

அவ்வளவுதான். பஸ் வாகைக்குளம் தாண்டும்வரை ஞானம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் தன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பிரகாசிக்கு அன்று வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

ஆறு வாரத்தில் மருந்து கேட்டது. வேர்வை நின்றது. தூக்கம் வந்தது. மறந்து மறந்து போன பெயர்கள் மறுபடி நாக்கில் வந்தன. முகம் தெளிந்துவிட்டதைப் பார்த்துப் பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள். "என்னக்கா, பளபளன்னு ஆயிட்டீங்க?"

"உளுந்தங்களி," என்றாள் ஞானம். "காலையில வெறும் வயித்துல, நல்லெண்ணெய் ஊத்தி."

அவள் வாயிலிருந்து வந்தால் அது வைத்தியம். நாலு தெருவில் உளுந்து ஊறியது. ஒவ்வொருத்தியும் வந்து "நீங்க சொன்ன மாதிரி சாப்பிடுதேன்க்கா" என்று சொல்லும்போது ஞானம் அலமாரிப் பக்கம் திரும்பி எதையாவது அடுக்கினாள்.

பங்குச்சாமி ஜாய்சன் காதுக்கும் அது எட்டியது. மாதர் சங்கக் கூட்டத்தில் நடுவயதுப் பெண்களின் உடல்நலம் பற்றி அரைமணி நேரம் பேசவேண்டும் என்று கேட்டார். மறுக்க ஒரு காரணமும் அவளிடம் இல்லை, உண்மையான காரணத்தைத் தவிர. ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு நாற்பது பெண்கள் பங்கு மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கால்சியம் பற்றிச் சொன்னாள். நடக்கச் சொன்னாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அக்கா, இதுக்கு ஏதோ ஹார்மோன் மாத்திர இருக்காமே, அது எடுக்கலாமா?" என்று கேட்டாள். அவள் நிஜமாகத்தான் கேட்டாள். கழுத்தெல்லாம் வேர்வை, கையில் மடித்த துண்டு.

ஜெனிட்டா முன்வரிசையிலிருந்து திரும்பி, "அது பிரகாசி வாங்க வந்த குமரி மாத்திரைலா" என்றாள். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. கேட்ட பெண் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. அன்று காலையில் தடவிய ஜெல் ஞானத்தின் இடது தோளில், ரவிக்கைக் கைக்குள் இருந்தது. அவள் தண்ணீர் குடித்தாள். நாற்பது முகங்கள். "அதெல்லாம் டாக்டர்மார்கிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கீரையைப் பற்றிப் பேசினாள். கடைசியில் எல்லாரும் கைதட்டினார்கள். சாமி சால்வை போர்த்தினார்.

வீட்டுக்கு வந்து சால்வையைப் பீரோவின் அடித்தட்டில் சுருட்டி வைத்தாள். தெரியாமல் செய்தது ஒன்று. இது தெரிந்தே செய்தது.

மூன்று நாள் கழித்து மில்லர்புரம் போனாள். ஸ்டெபிதான் கதவைத் திறந்தாள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அம்மா, மெடிக்கல் பெரிம்மா வந்திருக்காவ" என்று உள்ளே குரல் கொடுத்தாள். குரலில் வரவேற்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பிரகாசி வலது காலை மெதுவாக ஊன்றி வந்தாள். இளைத்திருந்தாள்.

"இரி," என்றாள்.

"காலுக்கு என்னளா?"

"கருவாட்டுக் களத்துல வழுக்கி விழுந்தேன். போன தைலதான். எலும்பு முறிஞ்சு ரெண்டு மாசம் மாவுக்கட்டு. அதோட விடல, கட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிப்போச்சு. கால் வீங்கி நீலமாயிட்டு. ஆஸ்பத்திரியில பத்து நாள். ரத்தத்த எளக்கப் போட்ட மாத்திரைய இப்பதான் நிப்பாட்டினாவ."

இத்தனை மாதமாக இது நடந்திருக்கிறது. யாரும் அவளிடம் சொல்லவில்லை என்பது பாதி உண்மை, அவள் யாரிடமும் கேட்கவில்லை என்பது மீதி.

"நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்," என்றாள். "அன்னைக்கு நீ வாங்க வந்த மருந்த நான் எடுத்துக்கிட்டிருக்கேன். ஜெல்லு. நாலு மாசம் ஆகுது. பாளையங்கோட்டையில போய்த் தெரியாம வாங்குதேன். உங்கிட்ட நான் சொன்னது பழைய கதை, அதும் அரையும்குறையுமாத் தெரிஞ்சு சொன்னது. நீயும் ஒரு நல்ல டாக்டரப் பாரு, நான் கூட்டிட்டுப் போறேன்."

பிரகாசி அவளையே பார்த்தாள். "பாத்தாச்சு. காலுல ரத்தம் கட்டினதுனால அந்த மாத்திர எனக்கு ஆகாதுன்னுட்டாவ. ஜெல்லுகூடப் பெரிய டாக்டர்கிட்டக் கேட்டுத்தான் பாக்கணுமாம். நான் வேண்டாம்னுட்டேன். ஹார்மோன் இல்லாத மாத்திர ஒண்ணு தந்திருக்காவ. கொஞ்சம் தாங்குது."

அந்தக் கணத்தில் ஞானத்தின் மனதுக்குள் ஒரு பாரம் லேசாக இறங்கியது. அப்படியானால் அன்றைக்கு அந்த மாத்திரையை எடுத்திருந்தால், அதனாலேயே கட்டியிருந்தால்? நல்லவேளை, கொடுக்காமல் விட்டோம். நினைத்து முடிப்பதற்குள் அது எவ்வளவு கேவலமான ஆறுதல் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. முகத்தை மாற்றப் பார்த்தாள். நேரம் போதவில்லை.

"இப்ப நெனச்சல்லா," என்றாள் பிரகாசி, "நல்லவேள, குடுக்கலன்னு?"

ஞானம் அவள் காலைப் பார்த்தாள்.

"நானும் நெனச்சேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதத்தான் நெனச்சேன். மாத்திர எடுத்திருந்தா ரத்தம் முந்தியே கட்டியிருக்குமோ. எடுத்திருந்தா எலும்பு முறியாமலே இருந்திருக்குமோ. ராத்திரி தூங்கியிருந்தா வழுக்காமலே நடந்திருப்பேனோ. டாக்டர்கிட்டயே கேட்டேன். யாராலயும் சொல்ல முடியாதும்மான்னாவ. அதுனால அத விட்டுட்டேன். மாத்திர தராததுக்கு ஒம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல." அவள் காலை நீட்டி வைத்துக்கொண்டாள். "நீ சிரிச்சல்லா. அத விட முடியல. அந்த மனுசன் எங்கூட ஒரு கட்டிலுல படுத்து ரெண்டு வருசம் ஆச்சு. நான் உண்மையச் சொல்லி மருந்து வாங்கலாம்னு வந்தேன், அவரு மானம்போச்சுன்னு ஒதுங்கிட்டாரு. நம்ம பெஞ்சுல எம்பக்கத்துல இருந்தவதான ஞானம், இவகிட்டச் சொல்லலாம்னு வந்தேன்."

"என்னைய மன்னிச்சிருளா."

"இத இங்கன வந்து சொல்லுத. கதவச் சாத்திக்கிட்டு," என்றாள் பிரகாசி. குரலை உயர்த்தவேயில்லை. "சிரிச்சது அங்கன."

டீ போடட்டுமா என்று அவள் கேட்கவில்லை. ஞானமும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது கொக்கி பிடிபடாமல் மூன்று தரம் குனிந்தாள்.

அதற்குப் பிறகும் உடனே அவள் சொல்லிவிடவில்லை. ஒவ்வொரு நாளும் கடை திறக்கும்போது இன்றைக்கு என்று நினைப்பாள், சாத்தும்போது நாளைக்கு என்று நினைப்பாள். மூன்று வாரம் அப்படியே ஓடியது. நான்காவது வாரம் சனிக்கிழமை சாயங்காலம், மண்டபத்தில் கேள்வி கேட்ட அதே பெண் துண்டோடு வந்து நின்றாள். பெயர் மரிய கொரற்றி. சீட்டு எதுவும் அவளிடமில்லை. சத்துமாத்திரை ஏதாவது இருக்கா என்று கேட்டாள். பக்கத்தில் ஜெனிட்டாவும் இன்னும் நாலு பேரும் நின்றார்கள்.

"சத்துமாத்திர என்னத்துக்கு, குமரி மாத்திர குடுங்க மைனி," என்றாள் ஜெனிட்டா.

ஞானம் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"அத நான் எடுத்துக்கிட்டிருக்கேன், ஜெனிட்டா. அஞ்சு மாசமாச்சு."

ஜெனிட்டாவின் வாய் சிரிக்கத் தயாராகி அப்படியே நின்றது. "உளுந்தங்களின்னுலா சொன்னீங்க."

"பொய் சொன்னேன்." ஞானத்துக்குக் காது இரைந்தது. தன் குரலே வேறு எங்கோ இருந்து கேட்டது. "எனக்கு வெக்கமா இருந்துச்சு, பொய் சொன்னேன். பிரகாசி வந்து கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. அவ மேலுக்கு முடியாமக் கேட்டா. இந்த எடத்துல நின்னு நான் அவளப் பாத்துச் சிரிச்சேன், உங்களையும் சிரிக்கவச்சேன். கேன்சர் வந்துரும்னு நான் சொன்னதும் அரைக் கதை. அந்த மருந்துல ஆபத்தும் இருக்கு, நல்லதும் இருக்கு. ஒருத்திக்கு ஆகும், ஒருத்திக்கு ஆகாது. அத டாக்டர்தான் சோதிச்சுப் பாத்துச் சொல்லணும். அந்தச் சீட்ட வாங்கி மருந்த எடுத்துக் குடுக்கத்தான் நான் இங்கன இருக்கேன்."

அனிஷா உள்ளே எதையோ எண்ணுவதுபோல் நின்றாள். மரிய கொரற்றிதான் பேசினாள். அவள் நன்றி சொல்லவில்லை.

"உங்க பேச்சக் கேட்டு மூணு மாசம் உளுந்து தின்னேன்க்கா. மத்தவளுக்கெல்லாம் கேக்கு, எனக்குக் கேக்கலியே, நான் என்ன பாவம் பண்ணேனோன்னு கோயில்ல போய் அழுதேன்."

சொல்லிவிட்டுச் சத்துமாத்திரையும் வாங்காமல் இறங்கிப் போனாள். ஞானம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரகாசி ஒருத்தியோடு கணக்கு முடியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமைக்குள் பெயர் இடம் மாறிவிட்டது. இப்போது அவள்தான் குமரி. மூன்றாவது தெருவில் புதிதாகத் திறந்திருந்த மருந்துக்கடைக்குச் சில பேர் போகத் தொடங்கினார்கள். ஜெனிட்டா ஒரு மாதம் வரவில்லை. செந்தூர்பாண்டி அண்ணாச்சி மட்டும் எப்போதும்போல் வந்தார். அவருக்கு மாத்திரையைக் கொடுக்கும்போது அவள் அட்டையை இரண்டு தரம் படித்தாள், இப்போதும் படிக்கிறாள்.

ஹென்றிக்கு டக்கில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன் குளித்தான், சாப்பிட்டான், கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏஜென்சி ஏஜென்சின்னு போனது இதுக்கா?"

"ஆமா."

"நான் இருதயம்னு நெனச்சுல்லா பயந்துக்கிட்டிருந்தேன். எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

சொல்லியிருக்கலாம். அவனிடம் சொல்லக் கூச்சப்பட்டவள், பிரகாசி ஐந்து பேர் முன்னால் வந்து சொல்லத் துணிந்ததைப் பார்த்து எப்படிச் சிரித்தாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்த பிறகு மரிய கொரற்றி திரும்ப வந்தாள். கையில் டாக்டர் சீட்டு இருந்தது. கடை முன்னால் வேறு ஆட்களும் நின்றார்கள். ஞானம் சீட்டைப் படித்தாள். உள்ளே போய் மருந்தை எடுத்து வந்தாள், கவரில் போட்டாள், எப்போது சாப்பிடவேண்டும் என்பதை அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். கொரற்றி அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள்.

மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாளில், கூட்டத்துக்குள் ஞானமும் பிரகாசியும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். ஒதுங்க இடமில்லை. பிரகாசி ஸ்டெபியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடையில் நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும், தெரியாமலிருக்க வழியில்லை. அதைப் பற்றி அவள் பேசவில்லை.

"தூக்கம் வருதாளா உனக்கு?" என்று கேட்டாள்.

"வருது," என்றாள் ஞானம்.

"எனக்கு இன்னும் சரியா வரல," என்றாள் பிரகாசி.

அவ்வளவு சொல்லிவிட்டு மகளோடு நடந்தாள். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. ஞானம் நகராமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.